விர்ச்சுவல் மெஷினில் டிசைன் மென்பொருள்: திரை கறுத்தால், மினுங்கினால் எங்கே கை வைப்பது?

"அண்ணா, ஃபைல் திறக்குது. இடது பக்கம் பாகங்களோட பட்டியலும் வருது. ஆனா நடுவுல வெறும் கருப்பு."

போனில் பேசியவன் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன். அவனிடம் இருப்பது மேக்புக். அதில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி), அதற்குள் விண்டோஸ் 11, அதற்குள் கல்லூரிப் பாடத்துக்குத் தேவையான முப்பரிமாண டிசைன் மென்பொருள். இரண்டு நாளில் இரண்டு முறை விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியிருந்தான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றான். அங்கேயே விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த பத்து நிமிடத்தில் அவன் மாடல் திரையில் சுழன்றது.

அந்த இரண்டு நாள் யாருக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மேக்கில் பேரலல்ஸ், விஎம்வேர் ஃபியூஷன், லினக்ஸிலோ விண்டோஸிலோ விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், விர்ச்சுவல்பாக்ஸ் என எதைப் பயன்படுத்தினாலும் தேடும் வழி ஒன்றுதான்.

உள்ளே நடப்பது என்ன

விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விண்டோஸ் உங்கள் கணினியின் உண்மையான கிராஃபிக்ஸ் கார்டைப் பார்ப்பதே இல்லை. அதற்குக் காட்டப்படுவது ஒரு பாவனைக் கார்டு. டிசைன் மென்பொருள் "இந்த முக்கோணங்களை வரை" என்று டைரக்ட்எக்ஸ் வழியாகவோ ஓப்பன்ஜிஎல் வழியாகவோ கேட்கிறது. இரண்டும் கார்டிடம் வரையச் சொல்லும் மொழிகள். கெஸ்ட்டில், அதாவது உள்ளே ஓடும் விண்டோஸில், உள்ள டிரைவர் அதை வாங்கி வெளியே அனுப்புகிறது. வெளியே இருக்கும் விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் அதை மேக்கின் மெட்டல் போன்ற ஹோஸ்ட்டின், அதாவது வெளியே உள்ள உண்மையான கணினியின், மொழிக்கு மாற்றுகிறது. அதன் பிறகுதான் உண்மையான கார்டு வரைகிறது.

ஆக, கோளாறு இருக்கக்கூடிய இடம் நான்கு: டிசைன் மென்பொருள், கெஸ்ட்டின் டிரைவர், நடுவில் உள்ள மொழிமாற்று அடுக்கு, ஹோஸ்ட்டின் டிரைவர். எந்த அடுக்கு என்று தெரியாமல் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டே போனால், எது சரியானது, எது கெட்டது என்பது கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றியதும் அதே ஃபைலைத் திறந்து அதே இடத்தில் பார்ப்பது. இந்த ஒழுங்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாவனைக் கார்டுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பேரலல்ஸ் தருவது டைரக்ட்எக்ஸ் 11 வரை, ஓப்பன்ஜிஎல் 4.1 ஆதரவு 2023-இல் வந்த 19ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஏன் 4.1? மேக்கின் சொந்த ஓப்பன்ஜிஎல்லே அந்த எண்ணில்தான் நின்றுபோனது; 2018-இல் மொஹாவி என்ற மேக் இயங்குதளப் பதிப்போடு ஆப்பிள் அதைக் கைவிடப்போவதாகவே அறிவித்துவிட்டது. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 17-இல் ஓப்பன்ஜிஎல் 4.3 வரை உண்டு, டைரக்ட்எக்ஸ் அங்கும் 11தான். விர்ச்சுவல்பாக்ஸ் 2022-இல் வந்த 7ஆம் பதிப்பில்தான் டைரக்ட்எக்ஸ் 11-ஐத் தொட்டது. மென்பொருள் இதற்கு மேல் கேட்டால் எந்த செட்டிங்கும் உதவாது. கேட்பதைக் குறைப்பதுதான் வழி.

படி 1: எதையும் தொடும் முன் ஒரு ஸ்னாப்ஷாட்

விர்ச்சுவல் மெஷினின் பெரிய வரமே இதுதான். விண்டோஸை முழுமையாக ஷட்டவுன் செய்து ஸ்னாப்ஷாட் எடுங்கள்; மெஷினின் அப்போதைய நிலை அப்படியே பதிவாகும், பிறகு அதற்குத் திரும்பலாம். பெயரில் தேதியையும் அப்போதைய நிலையையும் எழுதுங்கள். வேலை ஃபைல்களை மட்டும் வெளியே தனியாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு உள்ளே சேமித்தவையும் போய்விடும்.

படி 2: விண்டோஸ் எந்தக் கார்டைப் பார்க்கிறது?

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறங்கள். பேரலல்ஸ், விஎம்வேர், விர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவற்றில் நீங்கள் பயன்படுத்துவதன் பெயர் அங்கே வர வேண்டும். பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று வந்தால் டிரைவர் ஏறவில்லை. நேராகப் படி 3-க்குப் போங்கள்.

பெயர் சரியாக இருந்தாலும் அதோடு நிற்க வேண்டாம். ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் என்று கொடுத்தால் டைரக்ட்எக்ஸ் பரிசோதனைக் கருவி திறக்கும். அதில் டிஸ்ப்ளே பக்கத்தில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபீச்சர் லெவல்ஸ் (கார்டு டைரக்ட்எக்ஸில் எதுவரை செய்யும் என்பது) எந்த எண்ணில் தொடங்குகிறது, டைரக்ட்3டி ஆக்சிலரேஷன் எனேபிள்டு என்று இருக்கிறதா, டிஸ்ப்ளே மெமரி எவ்வளவு.

ஓப்பன்ஜிஎல் நிலையை இந்தக் கருவி சொல்லாது. அதற்கு ஓப்பன்ஜிஎல் எக்ஸ்டென்ஷன்ஸ் வியூவர் போன்ற ஒரு சிறு மென்பொருள் போதும். அதில் ரெண்டரர் என்ற இடத்தில் "ஜிடிஐ ஜெனரிக்" என்றும், பதிப்பு 1.1 என்றும் வந்தால், விண்டோஸ் தன்னிடம் உள்ள பழைய மென்பொருள் வரைவானைக் கொண்டு சமாளிக்கிறது என்று பொருள். கார்டுக்கு ஒரு வேலையும் போகவில்லை. ஓப்பன்ஜிஎல்லை நம்பியிருக்கும் சாலிட்வொர்க்ஸ், ஸ்கெட்ச்அப்பின் பழைய பதிப்புகள் போன்றவை இந்த நிலையில் தடுமாறுவது இயல்புதான்.

படி 3: கெஸ்ட் டூல்ஸைப் புதிதாக ஏற்றுவது

பேரலல்ஸ் டூல்ஸ், விஎம்வேர் டூல்ஸ், விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் ஆகியவைதான் அந்தப் பாவனைக் கார்டின் டிரைவரைக் கொண்டுவருபவை. வெளியே உள்ள மென்பொருளை அப்டேட் செய்துவிட்டு உள்ளே டூல்ஸை அப்படியே விட்டுவிடுவது நான் அதிகம் பார்க்கும் தவறு. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் இது அறுந்துபோவதுண்டு. அந்த மாணவனுக்கு நடந்தது அதுதான்.

மேலேயே ஏற்றாமல், பழைய டூல்ஸை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு புதியதை நிறுவுங்கள். முடிந்ததும் மறுபடி ரீஸ்டார்ட். சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் பழைய நிலையே திரும்பி வரும். ஷட்டவுன் கொடுத்தாலும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸ் கெர்னலை அப்படியே எழுதிவைத்து மீண்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் ரீஸ்டார்ட் என்பதையே அழுத்துங்கள்.

படி 4: விர்ச்சுவல் மெஷினின் அமைப்பு

இதற்கு மெஷின் முழுமையாக அணைந்திருக்க வேண்டும்.

விஎம்வேரில் டிஸ்ப்ளே பகுதியில் ஆக்சிலரேட் 3டி கிராஃபிக்ஸ் என்பதில் டிக் இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் மெமரியையும் அங்கேயே கூட்டலாம். விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் கெஸ்ட்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ என்ற கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து, 3டி ஆக்சிலரேஷனை இயக்கி, வீடியோ மெமரியை 128 எம்பிக்கு இழுத்து வையுங்கள். பேரலல்ஸில் மெமரியைத் தானியங்கியாக விடுவதே நல்லது. டிசைன் வேலைக்கென்றே அதில் டிசைன் என்ற ஒரு புரொஃபைல் உண்டு, அதைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பேரலல்ஸின் ஸ்டாண்டர்டு பதிப்பில் ஒரு மெஷினுக்கு 8 ஜிபி ராமும் 4 கோரும்தான் உச்சம். பெரிய அசெம்ப்ளியோடு போராடுபவர்கள் இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ராம் விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் (எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ளது) கார்டும் பிராசஸரும் ஒரே மெமரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 8 ஜிபி மேக்கில் 6 ஜிபியை விண்டோஸுக்குத் தூக்கிக் கொடுத்தால், வரைய வேண்டிய மேக்குக்கு இடமில்லாமல் போய்த் திரை விட்டு விட்டு நகரும். மொத்தத்தில் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் அனுபவம்.

படி 5: ஹோஸ்ட்டையும் ஒரு பார்வை

இன்டெல் கார்டும் என்விடியா கார்டும் சேர்ந்திருக்கும் விண்டோஸ் லேப்டாப்பில், விர்ச்சுவல் மெஷின் பெரும்பாலும் பலவீனமான கார்டில் போய் உட்காரும். ஹோஸ்ட் விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், விஎம்வேரின் இயங்கு ஃபைலான விஎம்வேர்-விஎம்எக்ஸ் என்பதைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். நீங்கள் சொடுக்கித் திறக்கும் விஎம்வேர் ஐகானைச் சேர்த்தால் பயனில்லை. வரைவது அந்த விஎம்எக்ஸ்தான்.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் ஓட்டுபவர்கள் ஜன்னலின் கீழ்ப் பட்டையைப் பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான ஹைப்பர்-வி குறுக்கே நின்று எல்லாவற்றையும் மெதுவாக்குகிறது என்று அர்த்தம். கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியும் இதற்குக் காரணமாக இருக்கலாம். அது பாதுகாப்பு அம்சம் என்பதால், அணைப்பதற்கு முன் அந்தக் கணினியில் என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினி என்றால் கேட்காமல் தொடக்கூடாது.

படி 6: முடிவு சொல்லும் ஒரே சோதனை

இதை எல்லாவற்றுக்கும் முன்னால்கூடச் செய்யலாம். டிசைன் மென்பொருளுக்குள்ளேயே ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை (வரையும் வேலையைக் கார்டிடம் கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு அதே ஃபைலைத் திறங்கள். கறுப்பும் மினுக்கலும் போய், மெதுவாகவாவது சரியாக வரைந்தால் கோளாறு டிரைவரிலோ மொழிமாற்று அடுக்கிலோதான். அணைத்த பிறகும் அதே கோளாறு அதே இடத்தில் தெரிந்தால் கிராஃபிக்ஸை விடுங்கள்; ஃபைலிலோ மென்பொருளின் யூசர் செட்டிங்ஸிலோ தேட வேண்டும்.

சாலிட்வொர்க்ஸில் சிஸ்டம் ஆப்ஷன்ஸுக்குள் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் யூஸ் சாஃப்ட்வேர் ஓப்பன்ஜிஎல் என்று இருக்கும். எந்த ஃபைலும் திறந்திருக்காத போதுதான் அதை மாற்ற முடியும். இது தெரியாமல் "மங்கலாக இருக்கிறது, சொடுக்க முடியவில்லை" என்று தவிப்பவர்கள் நிறைய. எல்லா ஃபைலையும் மூடிய பிறகும் டிக் தானாகவே விழுந்து மாற்ற முடியாதபடி இருந்தால், கார்டிடம் வேண்டியது இல்லை என்று மென்பொருளே சொல்லிவிட்டது. படி 2-க்குத் திரும்புங்கள். ரியல்வியூ பொத்தான் உயிரில்லாமல் இருப்பதைக் கோளாறாக எண்ண வேண்டாம். அது சான்றளிக்கப்பட்ட கார்டுகளுக்கானது. நிழலும் மினுமினுப்பும்தான் போகும், மாடலிங் வேலைக்கு ஒரு குறையும் வராது. அதே பக்கத்தில் உள்ள என்ஹான்ஸ்டு கிராஃபிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் புதிய ஓப்பன்ஜிஎல்லைக் கேட்கும். விர்ச்சுவல் மெஷினில் விளிம்புக் கோடுகள் காணாமல் போனால் முதலில் அதை அணைத்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள்.

ஆட்டோகேடில் கிராஃபிக்ஸ்கான்ஃபிக் என்ற கட்டளை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தரும். ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை முழுதாக அணைப்பதற்கு முன், ஸ்மூத் லைன் டிஸ்ப்ளேயை மட்டும் எடுத்துப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும். ஷேடட் ஃபாஸ்ட் என்ற காட்சிப் பாணி டைரக்ட்எக்ஸ் 12 கேட்பது. மேலே சொன்ன உச்சவரம்பு 11 என்பதால் அது வராமல் போவதில் வியப்பில்லை. பழைய ஷேடட் பாணியிலேயே வேலை செய்யுங்கள். ரெவிட்டில் ஆப்ஷன்ஸில் ஹார்ட்வேர் பகுதியில் இதே சுவிட்ச் இருக்கிறது.

கிராஃபிக்ஸ் கோளாறு போலத் தெரிந்தும் அது அல்லாதவை

அதிக நேரம் வீணாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாடலைச் சுழற்றும்போது அது பம்பரம் போலச் சுற்றிக் காணாமல் போகிறதா? அது மௌஸ் தொல்லை. விர்ச்சுவல் மெஷின் மௌஸைத் "திரையில் இந்தப் புள்ளி" என்று சொல்கிறது. சுழற்றும் கட்டளை எதிர்பார்ப்பதோ "இவ்வளவு தூரம் நகர்ந்தது" என்ற கணக்கு. பேரலல்ஸிலும் விஎம்வேரிலும் மௌஸை விளையாட்டுக்கு ஆப்டிமைஸ் செய்வது என்ற செட்டிங்கை மாற்றி இரண்டு நிலையிலும் சுழற்றிப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் இன்புட் மெனுவில் மௌஸ் இன்டக்ரேஷனை எடுத்துவிடுங்கள்.

எழுத்து மங்கலாகவும் ஐகான் கடுகளவிலும் இருந்தால் அது அளவிடல் பிரச்சினை. ரெடினா திரையில் விண்டோஸ் 200 சதவீத அளவில் ஓடும்; பழைய மென்பொருளுக்கு அது புரியாது. அதன் ஷார்ட்கட்டில் பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய், ஹை டிபிஐ செட்டிங்ஸில் ஓவர்ரைடு செய்து சிஸ்டம் என்ஹான்ஸ்டு என்று வைத்துப் பாருங்கள். டூல்பார் தெளிவாகும். ஆனால் முப்பரிமாணப் பகுதியில் கர்சர் ஓரிடம், தேர்வு ஓரிடம் என்று விலகினால் சிஸ்டம் என்பதற்கு மாறுங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் விர்ச்சுவல் மெஷினின் ரெசல்யூஷனையே குறைப்பது நல்லது. வரைய வேண்டிய புள்ளிகள் குறைவதால் வேகமும் கூடும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மினுங்கினால் விர்ச்சுவல் மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். பம்ப் அசெம்ப்ளியில் கேஸ்கெட்டின் முகமும் ஃப்ளேஞ்சின் முகமும் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால், எது முன்னே என்று கார்டுக்கே தெரியாது. திருப்பத் திருப்ப இரண்டு நிறமும் கோடு கோடாக மாறி மாறி வரும். எவ்வளவு விலையுயர்ந்த வொர்க்ஸ்டேஷனிலும் இது வரும். ஒரு பாகத்தை மறைத்துப் பாருங்கள், மினுக்கல் நின்றுவிடும்.

இதற்கு நெருங்கிய உறவு சர்வே வரைபடங்களில் வரும் நடுக்கம். சென்னை மனை வரைபடம் ஒன்று யுடிஎம் ஆயத்தொலைவில் (பூமியில் ஓர் இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் முறை) வந்தால், அதன் வடக்கு மதிப்பு 14 லட்சம் மீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டோகேட் ஃபைலில் அந்த எண்ணைத் துல்லியமாகவே வைத்திருக்கும். ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுகள் பொதுவாக வரைவது 32 பிட் எண்களில். அவ்வளவு பெரிய எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி 12.5 சென்டிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவரின் இரண்டு கோடுகள் ஜூம் செய்யும்போது நடுங்குவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். வரைபடத்தின் ஒரு மூலையை மூலப்புள்ளிக்கு நகர்த்தி, நகர்த்திய தூரத்தை அந்த ஃபைலிலேயே ஒரு குறிப்பாக எழுதிவைத்து வேலை செய்யுங்கள். அரசு அலுவலகத்துக்குக் கொடுக்கும் முன் அதே தூரம் திரும்ப நகர்த்திவிடலாம்.

மேக்கின் டெஸ்க்டாப்பில் உள்ள ஃபைலை விண்டோஸுக்குள் இருந்து நேராகத் திறப்பதும் ஒரு பொறி. பகிர்ந்த ஃபோல்டர் என்பது உள்ளுக்குள் நெட்வொர்க் டிரைவ் போன்றது. நூறு பாகம் உள்ள அசெம்ப்ளியை அங்கிருந்து திறந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் போய் வர வேண்டும். திரை உறைந்தது போல நிற்கும். சி டிரைவில் நகல் எடுத்துத் திறங்கள். பேரலல்ஸின் கோஹெரன்ஸ் நிலையில் (விண்டோஸ் ஜன்னல்கள் மேக் ஜன்னல்களோடு கலந்து தெரியும் நிலை) மிதக்கும் டூல் பலகைகள் பின்னால் ஒளிந்துகொண்டால், முழுத்திரைக்கோ தனி ஜன்னலுக்கோ மாறினால் தீர்ந்தது.

திறந்த உடனே மூடிக்கொள்கிறது என்றால்

ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானே மறுபடி தொடங்கிவிடும். அதன் தடயம்தான் இந்த எண். கனமான காட்சியைத் திறந்த அதே நேரத்தில் இது பதிவாகியிருந்தால் நிழல், ஒளி ஊடுருவல், ஆன்ட்டி-அலியாசிங் (கோடுகளின் விளிம்பை வழவழப்பாக்குவது) ஆகியவற்றைக் குறையுங்கள்.

4101 இல்லாமலே மூடினால், ஆப்பிள் சிலிக்கான் மேக் பயனர்கள் வேறொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே ஓடுவது ஏஆர்எம் விண்டோஸ், அதாவது ஏஆர்எம் வகைச் சிப்புகளுக்கான விண்டோஸ். உங்கள் டிசைன் மென்பொருள் இன்டெல் வகைக் கணினிக்காக எழுதப்பட்டது என்பதால், விண்டோஸ் அதன் ஒவ்வொரு கட்டளையையும் மாற்றித்தான் ஓட்டுகிறது. சாதாரண நிரல்களுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இன்டெல் வகைக்கு எழுதப்பட்ட கெர்னல் டிரைவர்கள் ஓடவே ஓடாது. யுஎஸ்பியில் செருகும் லைசன்ஸ் டாங்கிள் இப்படித்தான் சிக்கும்; மென்பொருள் திரையைக் காட்டிவிட்டு மறைவதைப் பார்த்துக் கிராஃபிக்ஸைச் சந்தேகிப்போம்.

எப்போது வேறு வழி பார்ப்பது

ஃபீச்சர் லெவல் சரி, டூல்ஸ் புதியது, சாஃப்ட்வேர் வரைவில் மாடல் ஒழுங்காக வருகிறது, ஆக்சிலரேஷன் போட்டால் மட்டும் கெடுகிறது என்றால், நீங்கள் உச்சவரம்பைத் தொட்டுவிட்டீர்கள். விஎம்வேர் ஃபியூஷனும் வொர்க்ஸ்டேஷனும் 2024 நவம்பரிலிருந்து தொழில் பயன்பாட்டுக்கும் இலவசம் என்பதால், பேரலல்ஸில் கெடும் ஃபைலை ஃபியூஷனில் ஒருமுறை திறந்து பார்ப்பதற்குப் பணச்செலவில்லை. இரண்டின் மொழிமாற்று அடுக்கும் வேறு வேறு. ஆட்டோகேட், ரைனோ, ஸ்கெட்ச்அப் மூன்றுக்கும் மேக்குக்கான நேரடிப் பதிப்பு உண்டு. அவற்றுக்காக விர்ச்சுவல் மெஷினைக் கட்டி மேய்க்கத் தேவையில்லை. இன்டெல் மேக் வைத்திருப்பவர்களுக்கு, விண்டோஸை மேக்கிலேயே நேரடியாக நிறுவ உதவும் பூட்கேம்ப் இன்னும் கைகொடுக்கும்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு படி கூடுதலாக உண்டு: லினக்ஸின் சொந்த விர்ச்சுவலைசேஷனான கேவிஎம்மில் உண்மையான கார்டையே விண்டோஸிடம் ஒப்படைத்துவிடுவது. அப்போது பாவனைக் கார்டும் மொழிமாற்றமும் இல்லை. கார்டு கம்பெனியின் சொந்த டிரைவரே உள்ளே ஏறும். மதர்போர்டின் பயாஸில் இன்டெல் என்றால் விடி-டி, ஏஎம்டி என்றால் ஐஓஎம்எம்யு இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஹோஸ்ட்டுக்குத் திரை காட்ட இன்னொரு கார்டு இருந்தால் வேலை சுலபம், பிராசஸரோடு வரும் உள்கார்டே போதும். முன்பு ஜீஃபோர்ஸ் கார்டுகள் இப்படி ஒப்படைத்தால் டிவைஸ் மேனேஜரில் கோட் 43 என்று மறுத்துவிடும். 2021-இல் வந்த 465 வரிசை டிரைவரிலிருந்து என்விடியா அதை அனுமதித்தது. எல்லாம் சரியாக அமைந்த பிறகும் திரை கறுப்பாகவே இருந்தால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். விண்டோஸுக்குக் கொடுத்த கார்டின் பின்புறத்தில் அது செருகப்பட்டிருக்க வேண்டும்.